தலைப்பு வைப்பதற்கு முன்

இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் வேலையைத் தொடங்கும் பருவத்தில் என்னிடம் வந்து சேரும் முதல் தாளில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அது தலைப்பு. ‘முதியோருக்கான மருந்து நினைவூட்டும் செயலி’, ‘பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி’, ‘முக அடையாளத்தால் வருகைப்பதிவு’. தாளை நீட்டும் நான்கு பேரும் வேலையைக்கூடப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். எந்த சென்சார், எந்த நிரலாக்க மொழி என்பது வரை பேசி முடித்திருப்பார்கள். யாருக்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டால் தலைப்பில் இருப்பதையே திரும்பச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருவரோடு உட்கார்ந்து பேசியதுண்டா என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் வராது.

அந்த ஆர்வத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கும் கை அந்த வயதின் பெரிய சொத்து. என் கவலை வேறு. தலைப்பு என்று அவர்கள் கொண்டுவருவது உண்மையில் ஒரு தீர்வு. பிரச்சினை என்னவென்று யாரும் போய்ப் பார்க்கவில்லை, தீர்வு மட்டும் முடிவாகிவிட்டது. அதன் பிறகு செய்யும் ஆய்வெல்லாம் அந்தத் தீர்வுக்குச் சாட்சி தேடும் வேலையாக மாறிவிடுகிறது.

அதனால் தலைப்பைத் தள்ளிவிடாமல், அதற்குக் கீழே எழுதச் சொல்கிறேன். இந்தத் தலைப்பு செல்லுபடியாக வேண்டுமானால் எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்? மருந்து நினைவூட்டும் செயலியையே எடுத்துக்கொள்வோம். முதியவர்கள் மாத்திரையைத் தவறவிடுகிறார்கள். தவறவிடக் காரணம் மறதி. நினைவூட்டினால் எடுத்துக்கொள்வார்கள். கைபேசி அந்த நேரத்தில் அவர்கள் அருகில் இருக்கும், அதன் ஒலி அவர்களுக்குக் கேட்கும். நான்கு சொல் தலைப்புக்குள் இத்தனை நம்பிக்கைகள் மடிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘இது எங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு கட்டம் போடச் சொல்வேன். அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அந்தக் காலிக் கட்டங்கள்தான்.

மாத்திரை தவறுவது கற்பனைப் பிரச்சினை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோயாளிகளில் சராசரியாக 50 சதவீதத்தினர்தான் சிகிச்சையை முறைப்படி கடைப்பிடிக்கிறார்கள் என்கிறது. மாணவர்கள் இந்த எண்ணைத் தேடிப் பிடித்து முதல் ஸ்லைடில் போட்டுவிடுவார்கள். ஆனால் மற்ற பாதிப் பேர் ஏன் கடைப்பிடிப்பதில்லை என்பதை அந்த எண் சொல்லாது. மறந்துபோய் விடுவது ஒன்று, தெரிந்தே விடுவது இன்னொன்று. மருத்துவ ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். அலாரம் முதலாவதற்கு உதவலாம். இரண்டாவதை அது தொடக்கூட முடியாது.

மருந்து நினைவூட்டும் செயலி செய்ய வந்த ஒரு குழுவில் இருந்த மாணவி தன் அத்தையின் மருந்து டப்பாவோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். செயலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பார்க்க வேண்டும், நேற்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை இன்றும் புதிய குழுக்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். டப்பாவுக்குள் அடங்குவதற்காக அத்தை மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தார். வெட்டியதில் மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விட்டன. காலை மாத்திரைகளுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், இரவு மாத்திரைகளுக்குப் பச்சை. இந்த மாதம் கடையில் அதே மருந்தை வேறு கம்பெனித் தயாரிப்பாகக் கொடுத்திருந்தார்கள், மாத்திரையின் நிறமும் மாறிவிட்டது. அதனால் போன மாதத்துக் காலி அட்டையைத் தூக்கிப் போடாமல், பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பதற்கென்று பத்திரமாக வைத்திருந்தார். எந்தச் செயலியும் இல்லாமல் அவர் தனக்கென்று ஒரு முறையையே உருவாக்கி வைத்திருந்தார். ரப்பர் பேண்டின் நிறத்திலும் காலி அட்டையிலும் அது இருந்தது. கேள்வித்தாள் கொடுத்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது, ஏனென்றால் அத்தைக்கு அதெல்லாம் சொல்லத் தகுந்த விஷயமாகவே தோன்றியிருக்காது.

பிறகுதான் முக்கியமான செய்தி வந்தது. ஓர் அட்டையில் மட்டும் இருக்க வேண்டியதைவிட மாத்திரைகள் அதிகமாக இருந்தன. மறந்துவிட்டீர்களா என்று கேட்காமல், “கடைசியாக இதை எடுத்துக்கொள்ளாத நாளில் என்ன நடந்தது, அத்தை?” என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. அது சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரை. போட்டுக்கொண்டு கிளம்பினால் வழியில் அடிக்கடி இறங்க வேண்டிவரும், எங்கே போவது? ஆகவே வெளியூர்ப் பயணம் உள்ள நாளில் அதைத் தள்ளிப்போடுவார், சில நாள் விட்டே விடுவார். “டாக்டரிடம் சொன்னீர்களா?” “அவர் கேட்கவில்லையே.” நேரத்தை நினைவூட்டினால் உதவியாக இருக்குமா என்று கடைசியில் கேட்டதற்கு அத்தை சொன்ன பதில்: “நேரம் எனக்குத் தெரியாதா, கண்ணு?”

இந்த அத்தையிடம் ‘மாத்திரை சாப்பிட மறப்பதுண்டா?’ என்ற படிவத்தை நீட்டியிருந்தால் ‘சில நேரங்களில்’ என்பதில்தான் டிக் போட்டிருப்பார். மறதி என்று சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. வேண்டுமென்றே விட்டேன், அதுவும் இந்தக் காரணத்துக்காக விட்டேன் என்று முகம் தெரியாத ஒரு படிவத்திடம் யார் சொல்வார்கள்? அந்த ‘சில நேரங்களில்’ எல்லாம் சேர்ந்து அறிக்கையில் வட்ட வரைபடமாகி, செயலி தேவை என்பதற்கு நிரூபணமாக நின்றிருக்கும்.

கூகுள் படிவத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. எத்தனை பேர், எத்தனை முறை என்று தெரிந்துகொள்ள அது நல்ல கருவி. ஆனால் எதை எண்ணுவது என்று தெரிந்த பிறகுதான் எண்ண வேண்டும். முதல் வாரத்திலேயே படிவத்தை உருவாக்கி வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, வந்த பதில்களைப் பயனர் ஆய்வு என்று கொண்டுவருவதைத்தான் ஏற்க மறுக்கிறேன். முதியோருக்கான கருவிக்கு இருபது வயதுக்காரர்கள் அளித்த பதில்கள் அவை. அதிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு கேள்வி உண்டு: ‘இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ மாணவர் ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இந்தக் கருணை எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு பெங்களூரில் 450 பேரிடம் நடத்தப்பட்டது. ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டி, அவற்றில் ஒன்று கேள்வி கேட்பவரே உருவாக்கியது என்று நம்பச் செய்தார்கள். அவருடையதே நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள், மற்றதைச் சொன்னவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கேள்வி கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தபோது அது ஐந்து மடங்கானது. கையில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் போங்கள், வரைபடத்தைக்கூடக் காட்டாதீர்கள் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் பேச்சு அதைப் பற்றியதாகிவிடும், எதிரில் இருப்பவர் தன் வாழ்க்கையை விட்டுவிட்டு உங்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவார்.

‘ஏன்’ என்ற கேள்வியையும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977-இல் எழுதிய கட்டுரையில் வரும் ஒரு சோதனை இது. நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வழிப்போக்கர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான், வித்தியாசம் எதுவும் கிடையாது. ஆனாலும் வலது ஓரத்தில் இருந்ததை மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது வைத்திருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. இடத்தினால் இருக்குமோ என்று நேராகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோருமே மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் செயலுக்கான காரணம் பல சமயம் நமக்கே தெரிவதில்லை, கேட்டால் நியாயமாகத் தோன்றும் ஒன்றை மனம் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆகவே காரணத்தைவிட நிகழ்ச்சியைக் கேட்பது பலன் தரும். பொதுவாக என்ன செய்வீர்கள் என்பதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது நடந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள், கையில் என்ன இருந்தது, அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்பதன் வலிமைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் விமானிகளுடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு விமானி சக்கரங்களை மடக்கிவிட, விமானம் வயிற்றால் தரையில் மோதும் விபத்துகள் நடந்தன. விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடுவது எளிது. ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடிப்புகளுக்கான விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. களைத்துப்போன கை ஒன்றைத் தொட நினைத்து மற்றதைத் தொட்டிருக்கிறது. சக்கர விசையின் நுனியில் ஒரு சிறிய ரப்பர் சக்கரத்தையும், மற்றதன் நுனியில் ஆப்பு போன்ற வடிவத்தையும் பொருத்தினார்கள். கண்ணால் பார்க்காமலே கைக்கு வித்தியாசம் தெரிந்தது.

போர் முடிந்தபின் 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இதையே விரிவாகச் செய்தார்கள். விமானிகளிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்குவதில் நீங்களோ, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரோ செய்த ஒரு பிழையை விவரமாகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அப்படித் திரட்டியவை 460 நிகழ்ச்சிகள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றை இன்னொன்றாக எண்ணி இயக்கிய பிழைகள்தான் பெரும்பங்கு என்று தெரிந்தது. ‘உங்கள் விமானத்தின் கட்டுப்பாடுகள் திருப்தியாக உள்ளனவா, ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடுக’ என்று கேட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா? ‘இன்னொருவர் செய்த பிழை’ என்று அவர்கள் சேர்த்துக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். தன் பிழையைச் சொல்லக் கூச்சப்படுபவருக்கு அது ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. இதை மாணவர்கள் நேராகவே எடுத்துப் பயன்படுத்தலாம்.

குறிப்பு எடுப்பதில் ஒன்றே ஒன்றுதான் வற்புறுத்துவேன். பார்த்தது, அவர் வாயால் சொன்னது, நீங்கள் நினைத்தது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். ‘அத்தைக்குத் தொழில்நுட்பம் வராது’ என்பது நினைப்பு. ‘கைபேசியை சார்ஜில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார், இரண்டு அழைப்புகள் வந்தன, எடுக்கவில்லை’ என்பது பார்த்தது. முதல் வரியிலிருந்து பெரிய எழுத்துள்ள திரை பிறக்கும். இரண்டாவது வரியிலிருந்து கைபேசி வேண்டுமா என்ற கேள்வியே பிறக்கும். அனுமதி கேட்பது, பெயரை மாற்றி எழுதுவது, முகம் தெரியும் படங்களைத் தவிர்ப்பது ஆகியவை சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்: கருவி செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதிலும் நோயாளிகளிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும். ப்ராஜெக்ட் முடிந்ததும் நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் காத்திருப்பார்கள்.

பயனர் என்ற ஒற்றைச் சொல்லில் பல பேரை அடைத்துவிடுவது இன்னொரு ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ப்ளேபம்ப் என்ற கருவியை இதற்காகவே வகுப்பில் விரிவாகப் பேசுகிறேன். குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம் நிலத்தடி நீரை உயரத்தில் உள்ள தொட்டிக்கு ஏற்றும், தொட்டியின் பக்கங்களில் வரும் விளம்பர வருமானம் பராமரிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். கேட்டவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2006-இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவி அறிவிக்கப்பட்டது, 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கும் வைத்தார்கள். ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்ற கணக்கை 2009-இல் கார்டியன் பத்திரிகை சரிபார்த்தது. அதற்குக் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும்போதும், விளையாடிச் சலித்தபோதும், அந்தப் பாரமான சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றியவர்கள் பெண்கள். முன்பு அவர்கள் அடித்த கைப்பம்பு இதைவிட எளிதாக இருந்தது. பழுதானால் உள்ளூரில் யாரும் சரிசெய்யவும் முடியவில்லை.

படத்தில் சிரித்துக்கொண்டு சுற்றும் குழந்தை இருந்தது. தண்ணீர் எடுக்க வரும் பெண், பழுது பார்க்க வேண்டியவர், பழைய பம்பை எடுத்துவிடலாம் என்று ஒப்புதல் தந்தவர் ஆகியோர் இல்லை. ஸ்மார்ட் கைத்தடி செய்ய வரும் குழுவிடமும் இதையே கேட்கிறேன். கைத்தடியைப் பிடிப்பவர் யார், வாங்கித் தருபவர் யார், பேட்டரி தீர்ந்தால் யாரிடம் கொண்டுபோவார், மழையில் நனைந்தால் என்ன ஆகும், தட்டும்போது தரையிலிருந்து கைக்கு வரும் அதிர்வை உங்கள் மோட்டாரின் அதிர்வு மறைத்துவிடாதா? கடைசிக் கேள்விக்குப் பார்வையற்ற ஒருவரோடு சேர்ந்து நடந்தால்தான் விடை கிடைக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு தாங்களே நடந்து பார்ப்பது போதாது. புதிதாகக் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குப் பயம்தான் தெரியும், பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த திறமை தெரியாது.

‘எல்லோருக்கும்’ என்று பதில் சொல்லும் குழுக்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்தது. உயரம், மார்பளவு, கையின் நீளம் போன்ற பத்து அளவுகளிலும் சராசரிக்கு அருகில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதருக்காகச் செய்த இருக்கை அத்தனை பேரில் யாருக்கும் பொருந்தாது. ஒருவருக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்யத் தொடங்கி, அதை மற்றவர்களுக்குச் சரிசெய்துகொள்ளும்படி விரிப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. செமஸ்டர் குறுகியது. முதல் மதிப்பாய்வில் முன்னாய்வு என்ற பெயரில் அல்காரிதம் பற்றிய கட்டுரைகளைத்தான் கேட்கிறார்கள், கடைசி மதிப்பாய்வில் ஓடும் கருவியைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் யாரோடு பேசினாய் என்று கேட்க ஆளில்லை. இதை மாணவர்களின் குறையாக நான் பார்க்கவில்லை, மதிப்பெண் போடும் நாங்கள் மாற்ற வேண்டியது இது. முதல் மதிப்பாய்வில் ஒரு பங்கு மதிப்பெண்ணை, நேரில் பார்த்து எழுதிய குறிப்புகளுக்கும் அவற்றால் கைவிட்ட நம்பிக்கைகளுக்கும் ஒதுக்கலாம். எத்தனை பேரிடம் பேசினார்கள் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. புதிதாக ஒருவரைப் பார்த்தும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்ற நிலை வரும்வரை பேசினார்களா என்பதே போதும்.

ஆய்வின் முடிவில் தலைப்பே மாறிவிடலாம். மருந்துக் குழு அலாரத்தை விட்டுவிட்டது. மாத்திரையைத் தள்ளிப்போட்ட நாளையும் காரணத்தையும் ஓரிரு தொடுதலில் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டும் ஒரு பதிவேட்டைச் செய்தார்கள். எந்த நேரத்தில் எடுக்கலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது, அதைக் கருவி சொல்லக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார்கள்.

வேறொரு குழு நூலக இருக்கைகளுக்கு முன்பதிவு முறை செய்ய வந்தது. வாசிப்பறையில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். இடமில்லை என்று எல்லோரும் சொன்ன நேரத்தில் பல நாற்காலிகளில் ஆள் இல்லை, பைகள்தான் இருந்தன. சுவரோரம் பிளக் உள்ள மேசைகள் நிரம்பி வழிந்தன, நடுவில் இருந்தவை காலியாகக் கிடந்தன. நடு மேசைகளுக்கு மின்சாரம் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்டு, இதை எப்படி ப்ராஜெக்ட் என்று காட்டுவது என்று கவலையோடு வந்தார்கள். முழு மதிப்பெண் தகும் கண்டுபிடிப்பு அது என்று குழுவிடமும் சக ஆசிரியர்களிடமும் வாதாடினேன். இன்னும் வாதாடுவேன்.

மீதிப் பாதி என்னவென்று அறிய அவர்களை ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். யார், எந்த நேரத்தில், எதைச் செய்ய முயல்கிறார், எது தடுக்கிறது, இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், தீர்வு மட்டும் இருக்கக் கூடாது. ‘தேர்வுக் காலத்தில் நூலகத்துக்கு வரும் மாணவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை’ என்று எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு அதே வாசிப்பறைக்குப் போய், பை வைத்திருந்தவர்களிடமே காட்டினார்கள். ஒரு முதுகலை மாணவி படித்துவிட்டுத் திருத்தியிருக்கிறாள்: “இடம் கிடைக்கிறது. சாப்பிட எழுந்து போனால் திரும்பி வரும்போது இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் பை.” குழு தன் வாக்கியத்தை அடித்துவிட்டு, அவள் சொன்னதை வைத்துப் புதிதாக எழுதியது. முன்பதிவு என்ற சொல் அதில் இல்லை. அதன் பிறகுதான் வரைபடத் தாளைக் கையில் கொடுத்தேன்.